புயலுக்குப் பின் எதை நடுவது?

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தென் சுவீடனை ‘குட்ருன்’ என்னும் புயல் தாக்கியது. ஒரே இரவில் ஏறத்தாழ 75 மில்லியன் கன மீட்டர் மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஸ்புரூஸ் மரங்கள். கிறிஸ்துமஸ் மரமாக நாம் படங்களில் காணும் அதே ஊசியிலை மரம்தான் இது.

ஸ்புரூஸ் மட்டும் ஏன் இவ்வளவு சாய்ந்தது? பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்கள் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிடும். காற்று அவற்றின் வெறுங்கிளைகளுக்கு இடையே புகுந்து சென்றுவிடும். ஸ்புரூஸோ ஆண்டு முழுவதும் இலைகளைச் சுமந்து நிற்பதால் பாய்மரம் போலக் காற்றைத் தாங்குகிறது. அதன் வேரும் பெரும்பாலும் ஆழமாக இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, அப்போது மண் உறையாமல் ஈரமாக இருந்தது.

அப்படியானால் இரண்டையும் கலந்து வளர்க்கலாமே! வளர்க்கலாம், ஆனால், அதற்குப் பொறுமை வேண்டும். மரம் வெட்டிய நிலத்தில் பிர்ச் பெரும்பாலும் தானே முளைக்கும். விரைவாக உயர்ந்து, தன் நிழலில் நிற்கும் ஸ்புரூஸ் கன்றுகளின் இளந்தளிர்களை இரவு உறைபனியிலிருந்து காக்கும். சில ஆண்டுகள் சென்றதும் நிலைமை மாறும். காற்றில் ஆடும் பிர்ச் கிளைகள் ஸ்புரூஸின் நுனிக்குருத்தை அடித்து முறிக்கத் தொடங்கும். அப்போது பிர்ச் மரங்களை ஒரேயடியாக வெட்டாமல், படிப்படியாகக் குறைக்க வேண்டும். முன்னதாக வெட்டினால் பனி கெடுக்கும்; தாமதித்தால் கிளை கெடுக்கும். எப்போது வெட்டுவது என்பதை அந்தந்த நிலத்தைப் பார்த்தே முடிவுசெய்ய இயலும்.

மூஸ் எனும் பெரிய மான்களும் ஒரு தொல்லை. அவை பிர்ச் கன்றுகளை விரும்பி மேயும். ஸ்புரூஸை அவ்வளவாகத் தொடுவதில்லை. மேலும், மர ஆலைகளில் ஸ்புரூஸுக்கு நல்ல விலை கிடைக்கிறது. சுவீடனின் காடுகளில் ஏறத்தாழப் பாதி தனிமனிதர்களுக்குச் சொந்தமானவை. அவர்கள் வருமானத்தையும் பார்க்கத்தானே வேண்டும்? அகன்ற இலை மரங்களை நட அரசு பண உதவி வழங்கியபோதும், புயலுக்குப் பின் பெரும்பாலோர் மீண்டும் ஸ்புரூஸையே நட்டனர்.

2018ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பிறகு பட்டை வண்டுகள் பெருகின. ஸ்புரூஸ் பட்டையைத் துளைத்து வாழும் இவ்வண்டுகள் பிர்ச்சை நாடுவதில்லை. வறட்சியால் வலுவிழந்த ஸ்புரூஸ் மரங்கள் பெருமளவில் மடிந்தன.

புயலுக்குப் பின் நடப்பட்ட கன்றுகள் இன்று இளமரங்களாகிவிட்டன. அவை முற்றுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, நெருக்கத்தைக் குறைக்க மரம் வெட்டச் செல்லும் ஒவ்வொரு முறையும், இடையில் நிற்கும் பிர்ச்சை வெட்டுவதா, விடுவதா என்று உரிமையாளர் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.