பிள்ளையைத் தேடிப் போகும் பள்ளிக்கூடம்



ஒரு பிள்ளைக்கு உட்கார முடியவில்லை, பேச்சு வரவில்லை, தானாக ஒரு கவளம் எடுத்து உண்ணவும் முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் என்ன? இம்மாதப் பாடத்தில் இந்த ஒரு கேள்வியை மட்டும் ஆராய்வோம். இதைப் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்திலுள்ள ஆய்க்குடி வரை போனால் போதும்.

1975-ஆம் ஆண்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. இராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சஹல். அந்த மருத்துவரின் பெயரால் 1981-இல் ராமகிருஷ்ணன் தமது சொந்த ஊரில் தொடங்கியதே அமர் சேவா சங்கம். அது ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்த வருடம். பின்னர், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த தணிக்கையாளர் எஸ். சங்கரராமனும் அவரோடு சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அது சபையோ மிஷனோ நடத்தும் நிறுவனம் அல்ல. ஆனாலும் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை அறிந்தவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் உருவாகக் காரணமானார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1980-களில் ஊனமுற்ற பிள்ளை என்றவுடன் நம் கண்முன் வந்தது போலியோவால் கால் சூம்பிய பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குக் காலிபரும் ஊன்றுகோலும் கொடுத்து, பள்ளி வாசலில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் கட்டிவிட்டால், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே பாடத்தைப் படித்துவிடும். ஆய்க்குடியில் சங்கம் நடத்திய சிவசரஸ்வதி வித்யாலயம், இரு வகைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த பள்ளி. ஆனால் இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014-இல் நாடு போலியோ அற்றது என்று சான்று பெற்றது. இதற்காக நாம் ஆண்டவரைத் துதிக்கிறோம். இப்பொழுது நம் வாசலுக்கு வருவது மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், இவற்றோடு வலிப்பு, பார்வைக் குறை, கேள்விக் குறை என்று பலவும் ஒன்றாய்ச் சேர்ந்த பிள்ளைகள். சாய்தளம் இவர்களை வகுப்பறை வாசல்வரைதான் கொண்டுவரும். உள்ளே நடக்கும் பாடமே மாற வேண்டும்.

எப்படி மாற வேண்டும்? முதல் பாடம் எழுத்தல்ல, உட்காருவது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை படுத்தே கிடந்தால் தசைகள் இறுகும், இடுப்பு மூட்டு விலகும், ஊட்டும் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். தலையும் முதுகும் தாங்கும்படி செய்த நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தால் உணவு சரியாக இறங்குகிறது, கை முன்னே வருகிறது, கண் எதிரே இருப்பவரைப் பார்க்கிறது. பார்வை நிலைத்த பிறகே படிப்பு தொடங்க முடியும். சிறப்புப் பள்ளியில் ஆசிரியரும் இயன்முறை மருத்துவரும் ஒரே பிள்ளையின் முன்னே சேர்ந்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அடுத்தது 'ஆம்', 'இல்லை'. வாய் பேசாத பிள்ளைக்கு மனதில் ஒன்றும் இல்லை என்று நினைப்பது நம் ஜனங்களிடம் வேரூன்றிய தவறு. கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், பக்கத்தில் திருப்பினால் இல்லை என்று ஒரு குறியை ஏற்படுத்திவிட்டால் அந்தப் பிள்ளையை நாம் கேள்வி கேட்கலாம். தண்ணீர், சோறு, வலி, அம்மா என்று படங்கள் ஒட்டிய ஒரு பலகை இருந்தால் பிள்ளை நம்மைக் கேட்கலாம். பல வருடம் "சும்மா அழுகிறான்" என்று சொல்லப்பட்டவன் வலியின் படத்தைக் காட்டும்போது தாய்க்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதப்படும். சில மாதங்களுக்குள் ஒரு கரண்டியைப் பிடிப்பது, கழிவறைத் தேவையைத் தெரிவிப்பது என்று அளந்து பார்க்கக்கூடிய சிறு இலக்குகள் அதில் இருக்கும். மருத்துவமனைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளைக்கு மருந்து சரியாக அமையாமல் எந்த ஆசிரியராலும் கற்பிக்க முடியாது. மந்தமான பிள்ளை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை சில வேளை காது கேளாத பிள்ளையாக இருக்கும். சோதித்தால்தான் தெரியும்.

குற்றால அருவியில் குளிப்பாட்டினால் பிள்ளைக்குக் கால் வரும் என்று நம்பும் பெற்றோரும் உண்டு. குளிப்பதில் பிள்ளைக்குச் சந்தோஷம் உண்டாகலாம், அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் குளிர்ந்த நீரில் தசை விறைப்பு சிலருக்குக் கூடவும் செய்யும். நாள்தோறும் வீட்டில் செய்கிற பயிற்சிக்கு ஒரு நாள் அருவிக் குளியல் ஈடாகாது.

அந்தப் பயிற்சியை யார் கற்றுக்கொடுப்பது? பிறந்து முதல் சில வருடங்களில் மூளை வேகமாக வளருகிறது, அக்காலத்தில் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய், கழுத்து நிற்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வாரந்தோறும் வருவாள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகையால் ஆய்க்குடிச் சங்கம் கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பியது. கிராமப் பணியாளர் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் தாயோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறார். பிள்ளையின் முன்னேற்றத்தைக் கையடக்கக் கருவியில் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிகிறார். இயன்முறை, பேச்சு, சிறப்புக் கல்வி நிபுணர்கள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். நிபுணர் எல்லா ஊருக்கும் போக முடியாத குறைக்கு இது நல்ல மருந்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, பல்வகை மற்றும் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சேர்க்கப்பட்டது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் வீட்டுக் கல்வியைத் தேர்ந்துகொள்வது பிள்ளையின் உரிமை. "உங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட எந்தத் தலைமை ஆசிரியருக்கும் அது அனுமதி தரவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்து, பிள்ளை பாயில் கிடந்தால் அதைக் கல்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுக் கல்வி பெறும் பிள்ளைக்கும் வாரத்தில் சில மணி நேரமாவது வேறு பிள்ளைகளின் சத்தம் கேட்க வேண்டும். நம் ஆலயங்களின் ஓய்வுநாள் பாடசாலை இதைச் செய்யக்கூடும். பாட்டு நேரத்தில் ஒரு சக்கர நாற்காலிக்கு இடம் விட்டால் போதும்.

படிக்கக்கூடிய, ஆனால் வகுப்பின் வேகத்தில் போக முடியாத பிள்ளைகளுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. விருப்பப் பாடங்களைத் தெரிந்துகொண்டு, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாய்த் தேர்வு எழுதி முடிக்கலாம்.

கொடையாளர்களிடம் ஒரு வார்த்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டடத்துக்குக் கொடுக்க நம் ஜனங்கள் முன்வருகிறார்கள், கல்வெட்டில் பெயர் நிற்கும். திண்ணையில் உட்காரும் பணியாளரின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு இல்லை. பிள்ளை வளர வளர மாற்றவேண்டிய நாற்காலிக்கும் இல்லை. ஆனால் மூன்று வயதில் செய்த நாற்காலி ஆறு வயதில் பொருந்தாது. பொருந்தாத நாற்காலி முதுகை வளைத்துவிடும்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோரோடு ஒருவர் துணைக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாயின் அரசு மருத்துவமனை வழியாக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பள்ளி வயதானால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். முதல் நாள் வேலை முடியாமல் திரும்ப நேரிடலாம். ஆகையால் மறுமுறையும் அந்தத் தாயைத் தனியே அனுப்பாதிருங்கள்.