கல்கத்தா வியாபாரியும் வேளச்சேரி வீடும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் நகலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். மஸ்கட்டில் இருக்கும் உன் கட்சிக்காரரின் வேளச்சேரி வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் வாங்கியும், ஏழு மாதம் அவருக்கு வந்து சேரவில்லை. ஆக 1,26,000. நீ கேட்டிருப்பதோ 15 லட்சம்! மீதி எங்கிருந்து வந்தது என்று தேடினால் கார் கடன் வட்டி, மஸ்கட்டில் தூக்கம் கெட்டது, அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இல்லாமல் கைநழுவிப்போன கூடுவாஞ்சேரி மனை, அந்த மனைக்குப் பிறகு ஏறிய விலை. கட்சிக்காரர் புலம்பியதையெல்லாம் அப்படியே டைப் அடித்திருக்கிறாய். நோட்டீஸ் என்ன, உண்டியலில் போடும் வேண்டுதல் சீட்டா?

முகவரின் கவனக்குறைவுக்கு ஈடு பற்றிய, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 212ஆம் பிரிவை நீ படித்திருப்பாய். அதன் கீழே இருக்கும் உதாரணங்களைப் படித்திருக்க மாட்டாய். இந்தத் தலைமுறையே அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே வாங்கிய பழைய பதிப்பு ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. பிரிவுகளைவிட உதாரணங்களின் ஓரத்தில்தான் என் பென்சில் கோடுகள் அதிகம். சட்டத்துக்குள்ளேயே குட்டிக் கதைகளை வைக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர் மெக்காலே. 1837இல் அவர் கொடுத்த தண்டனைச் சட்ட வரைவைப் படித்துப் பார். அந்த மனிதரோடு எனக்கு நூறு சண்டை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கும்பிடு போடுவேன்.

முதல் உதாரணம் இது. கல்கத்தா வியாபாரிக்கு லண்டனில் ஒரு ஏஜென்ட். வியாபாரியின் பேரில் வந்த பணத்தை அனுப்பச் சொல்லியும் அனுப்பாமல் வெகுநாள் வைத்துக்கொள்கிறார். பணம் வராததால் வியாபாரி திவாலாகிவிடுகிறார். ஏஜென்ட் என்ன தர வேண்டும்? அந்தப் பணம், அனுப்பியிருக்க வேண்டிய நாளிலிருந்து வழக்கமான வட்டி, செலாவணி மாற்றத்தில் போனது போன்ற நேரடி நட்டம். அதற்கு மேல் கிடையாது. ஒரு மனிதன் திவாலாகியிருக்கிறான், அதற்கு ஒரு காசு இல்லை! முப்பது வருஷம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு முனகல் வரும். திவாலுக்கே ஈடு இல்லை என்னும்போது உன் கூடுவாஞ்சேரி மனை எங்கே நிற்கும்?

வாடகைக்கு வெளியே உனக்கு உண்மையில் நிற்கக்கூடியது குளியலறைக் கசிவு. அதைப் போய்க் கடைசிப் பத்தியில் தள்ளியிருக்கிறாய். குடியிருந்தவர் மூன்று தடவை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். முதல் படத்தில் சுவரில் உள்ளங்கை அளவு ஈரம். மூன்றாவதில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. மூன்றுக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் பதிலாகப் போட்டிருக்கிறார். அந்தக் கட்டைவிரல்தான் உன் வழக்கு. அவருக்கு விஷயம் தெரியும். மஸ்கட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. சிக்கல் வந்தால் உரிமையாளருக்குத் தெரிவித்து அவர் சொல்படி நடக்க முயல வேண்டும் என்கிறது 214. ஆனால் கட்சிக்காரருக்குக் கசிவு தெரிந்த பிறகும், ‘ஆதாரம் இருக்கட்டும்’ என்று பூசாமல் விட்டாரே, அதன் பிறகு மழையில் கூடின சேதத்தை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. 73ஆம் பிரிவின் விளக்கத்தைப் பார்.

‘எழுத்தில் ஒப்பந்தமே இல்லையே, அவர் வெறும் புரோக்கர்தானே சார்?’ என்று கேட்டிருக்கிறாய். ஆள் பிடித்துக் கொடுத்து ஒரு மாத வாடகையோடு ஒதுங்குகிறவர் புரோக்கர். மாதாமாதம் வாடகை வாங்கி, சாவியை வைத்துக்கொண்டு, பிளம்பரைக் கூப்பிடுகிறவர் முகவர். பத்திரம் இல்லாவிட்டாலும் நடத்தையே காட்டிக்கொடுக்கும். சம்பளமே வாங்கவில்லை என்றாலும் முகவர் முகவர்தான், 185 அதைச் சொல்கிறது. இவரோ மாதம் 2,000 கழித்துக்கொண்டவர். எந்த வேலையில் முறைகேடாக நடந்தாரோ அந்த வேலைக்கான கமிஷன் அவருக்குக் கிடையாது, அது 220. நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டமும் சொத்து மேலாளரின் கடமைகளைச் சொல்லி, மீறினால் உரிமையாளரின் இழப்பை ஈடுகட்ட வைக்க வாடகை நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை உன் நோட்டீஸில் காணவே காணோம்.

காலக்கெடுவையும் கவனி. சிவில் வழக்கென்றால், கவனக்குறைவு கட்சிக்காரருக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டுதான்.

நோட்டீஸைத் திரும்ப எழுது. முதல் பத்தியில் கணக்குக் கேள்: எந்த மாதம் எவ்வளவு வாங்கினார், எங்கே வைத்திருக்கிறார். கேட்டால் கணக்குக் காட்டுவது அவர் கடமை. அடுத்து வாடகையும் வட்டியும். பிறகு கசிவு, கொத்தனாரின் பில்லோடு. மனையை எடுத்துவிடு. கட்சிக்காரர் கோபித்துக்கொண்டால் கல்கத்தா வியாபாரி கதையைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்