ஹூட்டுக்குள் ஐந்து மணி நேரம்: ஹெலிகாப்டர் உரிமத்தை அமெரிக்காவில் மாற்றுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வேறொரு நாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, சில நூறு மணி நேரம் பறந்தும் இருக்கிறார் ஒருவர். இப்போது அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் வணிக பைலட் உரிமம் எடுக்க நினைக்கிறார். மொத்தம் 150 மணி நேரம், அதில் ஹெலிகாப்டரில் 50, தலைமை பைலட்டாக 100 என்று விதி கேட்கும் பெரிய எண்களை அவர் எப்போதோ தாண்டியிருப்பார். அவர் தடுக்கி விழும் இடம் சின்ன வரி ஒன்று. 61.129 என்ற விதி ஹெலிகாப்டருக்கென்று தனியாகக் கேட்கும் 5 மணி நேரக் கருவிப் பயிற்சிதான் அது. வெளியே தெரியாதபடி ஹூட் மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஹெலிகாப்டரை ஓட்டப் பழகும் பயிற்சி.

இதைக் கடமைக்கு முடித்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அதே நாட்டில் இறக்கை விமானம் ஓட்டும் வணிக பைலட்டிடம், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லையென்றால், சட்டமே அவருக்கு வேலி போடுகிறது. 50 கடல் மைலுக்கு மேற்பட்ட பயணத்திலோ இரவிலோ கட்டணப் பயணிகளை அவர் ஏற்றக்கூடாது. ஹெலிகாப்டர் பைலட்டுக்கு அந்த வேலி கிடையாது. உரிமத்தைப் பொறுத்தவரை, அது கைக்கு வந்த அன்று இரவே பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற அவருக்குத் தடையில்லை. அவருக்கும் இருட்டுக்கும் நடுவில் கருவிப் பயிற்சி என்று சட்டம் வைத்திருப்பது அந்த 5 மணி நேரம் மட்டுமே. எனவே கீழே உள்ளவற்றில் பாதி காகித வேலையைப் பற்றியது, மீதி உயிரைப் பற்றியது. இரண்டையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியவை

காகிதத்தை முதலில் தொடங்குங்கள். வெளிநாட்டு உரிமத்தை வைத்து 61.75 விதியின்கீழ் தனிநபர் பைலட் சான்றிதழ் பெற்று, அதன்மேல் வணிகத் தேர்வை எழுதுவதுதான் பலரும் போகும் வழி. அதற்கு உங்கள் நாட்டு விமானத் துறை, உரிமம் உண்மையானது என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ அலுவலகத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. டிக்கெட் எடுத்த பிறகு விண்ணப்பித்தால், ஓட்டல் அறையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எடுக்கும் எண்ணம் இருந்தால், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் டிஎஸ்ஏ எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதியையும் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் பழைய லாக்புக்கை வரிவரியாகப் படியுங்கள். வெளிநாட்டுப் பயிற்சியை எஃப்ஏஏ ஒதுக்கித் தள்ளுவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் சேர்ந்த ஒரு நாட்டின் அதிகாரம் பெற்ற பயிற்றுநர், அமெரிக்காவுக்கு வெளியே கொடுத்த பயிற்சியைக் கணக்கில் சேர்க்கலாம் என்று 61.41 விதி தெளிவாகச் சொல்கிறது. ஆக, அங்கே பெற்ற கருவிப் பயிற்சியை இங்கே திரும்பக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் அது நடந்தது என்று லாக்புக் சொல்ல வேண்டும். சிக்கலும் இங்கேதான். ஐரோப்பிய முறை லாக்புக்கில், கருவி விதிகளின்கீழ் பறந்த நேரத்துக்கு ஐஎஃப்ஆர் என்று ஒரு பத்தி இருக்கும். தெளிந்த வானில் ஹூட் மாட்டிச் செய்த பயிற்சி அந்தப் பத்தியில் ஏறியிருக்காது. குறிப்புப் பகுதியிலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பத்து மணி நேரம் வியர்வை சிந்திய பயிற்சி, ஏட்டில் வெறும் ‘இரட்டைப் பயிற்சி’ என்று மட்டும் நிற்கும். அதைத் தேர்வாளர் எப்படி ஏற்பார்?

பழைய பயிற்றுநரைத் தேடிப் பிடியுங்கள். பயிற்சிப் பள்ளியில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். எந்த நாளில் எந்தப் பாடம், எவ்வளவு நேரம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது எவ்வளவு என்பது அதில் இருக்கும். அதன் நகலையும், பயிற்றுநரின் கையெழுத்தும் உரிம எண்ணும் உள்ள ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஏடுகளை மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள். பள்ளிகள் மூடப்படுகின்றன, பயிற்றுநர்கள் வேலை மாறிப் போகிறார்கள். இந்த ஆண்டு கிடைக்கும் கையெழுத்து அடுத்த ஆண்டு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

விதி கேட்கும் நான்கும் ஏட்டில் இருக்கட்டும். 5 மணி நேரம் என்ற எண் மட்டும் போதாது. கருவிகளைக் கொண்டு ஹெலிகாப்டரின் நிலையைக் காப்பது, சில கருவிகள் செயலிழந்த நிலையில் மீதியைக் கொண்டு ஓட்டுவது, தாறுமாறான நிலையிலிருந்து மீள்வது, வழிகாட்டி அலைகளைப் பிடித்துத் தொடர்வது ஆகிய நான்கும் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்றுநர் என்ன சொல்லிக் கொடுத்தார், எவ்வளவு நேரம் என்பதை இந்தச் சொற்களிலேயே எழுதி, கையெழுத்தும் சான்றிதழ் எண்ணும் தன் அண்மை அனுபவக் காலம் முடியும் தேதியும் போட வேண்டும். ‘ஹூட் வேலை 1.0’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர விடாதீர்கள். அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு அடுத்த மாணவரிடம் ஓடும் முன், அந்த இருக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.

மேகத்துக்குள் மாட்டினால் என்ன செய்வது என்பதைத் தனிப் பாடமாகக் கேளுங்கள். விதி இதைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, நான் கேட்கச் சொல்கிறேன். கட்டுப்பாடு, ஏற்றம், திசை, தகவல் என்ற வரிசையை அமெரிக்கப் பயிற்றுநர்கள் சொல்லித் தருவார்கள். முதலில் ஹெலிகாப்டரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது, பிறகு ஏறுவது, பிறகு தடையில்லாத திசைக்குத் திரும்புவது, எல்லாம் முடிந்த பிறகே ரேடியோவைத் தொடுவது. கை தானாக ரேடியோ பொத்தானுக்குப் போகும் பழக்கத்தை இந்த ஐந்து மணி நேரத்துக்குள் முறிக்க வேண்டும்.

ராபின்சன் ஹெலிகாப்டரில் பயிற்சி என்றால் எஸ்எஃப்ஏஆர் 73 என்ற சிறப்பு விதி என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் அமெரிக்காவில் தனி விழிப்புணர்வுப் பயிற்சியும் அதற்கான கையெழுத்தும் வேண்டும். உங்கள் ஊரில் ஆர்22-இல் ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருந்தாலும் சரி. ஹூட் பயிற்சிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூக்கு மேலே தூக்கிய நிலையிலிருந்து மீளும்போது பதற்றத்தில் சைக்ளிக்கைச் சட்டென்று முன்னே தள்ளினால், இரண்டு இறக்கை கொண்ட அந்தச் சுழலி பாரமிழக்கிறது. வால் சுழலி உடலை வலப்பக்கம் உருட்டுகிறது. அதைத் திருத்த இடப்பக்கம் சாய்த்தால் சுழலியின் மையப்பகுதி தண்டில் மோதி, ஹெலிகாப்டர் வானத்திலேயே உடைந்துவிடும். முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னே இழுத்துச் சுழலிக்குப் பாரத்தைத் திருப்பித் தர வேண்டும், உருட்டலைத் திருத்துவது அதன் பிறகு. வெளியே பார்க்க முடியாத நேரத்தில் இது கையில் ஊறியிருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

நண்பரோடு பறந்த ஹூட் நேரத்தைப் பயிற்சி என்று கூட்டாதீர்கள். எஃப்ஏஏ அகராதியில் கருவி நேரம் வேறு, கருவிப் பயிற்சி வேறு. பக்கத்தில் பாதுகாப்பு பைலட்டாக ஒரு நண்பர் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஹூட் மாட்டி ஓட்டியது கருவி நேரம். அதிகாரம் பெற்ற பயிற்றுநரிடம் கற்றது மட்டுமே பயிற்சி. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், தேர்வு நாளன்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து கூட்டலைத் திரும்பப் போடுவது மிகவும் வேதனையான அனுபவம்.

சிமுலேட்டர் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். ஐரோப்பிய வணிக ஹெலிகாப்டர் பாடத்திட்டத்தில், ரேட்டிங் இல்லாதவருக்கு 10 மணி நேரக் கருவிப் பயிற்சி உண்டு. அதில் 5 மணி வரை தரையில் உள்ள பயிற்சிச் சாதனத்திலோ இறக்கை விமானத்திலோ செய்யலாம். எஃப்ஏஏவும் சாதனங்களை ஏற்கிறது, ஆனால் அது தகுதி பார்த்து ஒப்புதல் கொடுத்த சாதனங்களை மட்டும். உங்கள் ஊர்ச் சாதனத்துக்கு அந்த ஒப்புதல் இல்லையென்றால் அந்த மணி நேரம் இங்கே செல்லாது. இறக்கை விமானத்தில் ஹூட் மாட்டிய நேரத்தையும் நம்ப வேண்டாம். விதி பேசுவது ஹெலிகாப்டரை இயக்குவதைப் பற்றி. ஹெலிகாப்டரில் செய்தது எவ்வளவு என்று தனியாக எண்ணிப் பாருங்கள். குறைந்தால் குறையும் நேரத்தை இங்கே ஹெலிகாப்டரிலேயே முடியுங்கள்.

ரேட்டிங் இருக்கிறதே, அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உள்ளவர், அதற்கான எழுத்துத் தேர்வில் வென்று 61.75 சான்றிதழில் அதையும் சேர்க்கலாம். அதனால் வணிகத் தேர்வுக்கான 5 மணி நேரம் தானாகத் தீர்ந்துவிடாது. ரேட்டிங்குக்காகப் பெற்ற பயிற்சியிலேயே மேலே சொன்ன நான்கும் இருந்து, அது ஏட்டிலும் எழுதப்பட்டிருந்தால் கணக்கில் வரும்.

இதில் காகிதத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவின் கலபசாஸ் மலைச்சரிவில் சிகோர்ஸ்கி எஸ்-76பி விழுந்து, கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட், அவருடைய மகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். பைலட்டிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதியில் பறந்தவர் மேகத்துக்குள் போனார். 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அப்போது ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேல் கீழ் புலன் குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. காதுக்குள் இருக்கும் திரவம் சொன்ன பொய்யை அவர் உடல் நம்பியது. எப்போதோ வாங்கிய ரேட்டிங்கால் அந்தப் பொய்யைத் தடுக்க முடியாது.

ஹூட்டின் ஓரத்தால் பார்க்காதீர்கள். நிழல் நகர்வதும் தொடுவானத்தின் ஒரு கீற்றும் கண்ணில் பட்டால் போதும், மூளை அதைப் பிடித்துக்கொண்டு சமநிலை காத்துவிடும். நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைக் கண்மறைத்து விமானம் ஓட்டவைத்தது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். அது தானே நிலைத்து நிற்கும் இயல்புள்ள இறக்கை விமானம். சைக்ளிக்கை விட்டால் கவிழப் பார்க்கும் சிறிய ஹெலிகாப்டரில் எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பாருங்கள். தலையைச் சாய்க்காமல் இருக்க முடியவில்லை என்றால், உங்கள் பார்வையை இன்னும் நன்றாக மறைக்கும் வேறு வகைச் சாதனத்தைப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

‘உண்மையான மேகத்தில் ஒரு சுற்று’ என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். பயிற்சிக்குப் பயன்படும் சிறிய ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் மேகத்துக்குள் பறக்கச் சான்று பெற்றவை அல்ல. பார்வை போனால் உயிர் போகும் என்று ராபின்சன் நிறுவனமே தன் கையேட்டில் பாதுகாப்புக் குறிப்பு எண் 18 ஆக அச்சிட்டு வைத்திருக்கிறது.

பயிற்சியை முடித்துவிட்டுத் தேர்வை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். கருவிப் பயிற்சியின் 5 மணி நேரம் ஏட்டில் காலாவதி ஆகாது. ஆனால் தேர்வுக்கான தயாரிப்பாக 3 மணி நேரம், தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள் பறந்திருக்க வேண்டும். தேர்வாளர்கள் கிடைப்பது அரிது, வானிலை கெடும், தேதி தள்ளும். தேதி உறுதியான பிறகு அந்த மூன்று மணி நேரத்தை வையுங்கள். அதில் இருபது நிமிடமாவது ஹூட்டுக்குள் இருக்கட்டும். பழைய லாக்புக்கில் கருவிப் பயிற்சி வரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டுச்சீட்டு வைத்து, கூட்டல் தொகையைத் தனித் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.