ஜெராய் மலை ஏறப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கோத்தா கோலா மூடா வயல்வெளிப் பக்கம் நின்று வடக்கே பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும். உயரம் 1,217 மீட்டர். கினபாலுவின் 4,095 மீட்டரோடு ஒப்பிட்டால் சின்ன மலைதான். ஆனால் கினபாலுவில் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாசலில் இருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். ஜெராயின் அடிவாரமோ கடல் மட்டத்துக்குப் பக்கத்தில். கிட்டத்தட்ட முழு உயரத்தையும் நம் கால்தான் ஏற வேண்டும். நம் கிளை இளைஞர்கள் கூட்டமாக ஏறப் போவதால் இதை எழுதுகிறேன்.

“குரூண் பக்கம் கார் ரோடே இருக்கு, அப்புறம் எதுக்கு பெர்மிட்?” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ரோட்டில் காரில் போவது வேறு, காட்டுப் பாதையில் நடப்பது வேறு. ஜெராய் நிரந்தரப் பாதுகாப்பு வனம். அப்படிப்பட்ட காட்டுக்குள் நுழைய 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெர்மிட் பாரத்தில் யார் யார், எந்தத் தேதி, எந்தப் பாதை என்பது பதிவாகிவிடும். இருட்டியும் ஒருவர் இறங்கி வரவில்லை என்றால், தேடப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.

ஆகவே, தேதி முடிவான அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். வன அலுவலகத்துக்கு நேரில் போய் எந்தப் பாதை திறந்திருக்கிறது, பதிவு பெற்ற மலை வழிகாட்டி எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டு வருவதே நல்லது. முகநூலில் யாரோ போட்டதை நம்ப வேண்டாம். பெயர், அடையாள அட்டை எண், வீட்டாரின் தொலைபேசி எண் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பட்டியலின் ஒரு நகல் ஊரில் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரிடம் இருக்க வேண்டும். பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் அம்மா அப்பாவிடம் இந்தத் தாள்களைக் காட்டுங்கள். வாய்ப்பேச்சை விட அது நன்றாகப் பேசும்.

இனி தண்ணீர். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர் நம்முடையது. தண்ணீரின் வேகத்தை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் அது வேறு விதமாக வரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மேல் கொட்டிய மழை, மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கம் இறங்கியது. உயிர்கள் போயின. ‘கெப்பாலா ஆயெர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்துகொண்டிருக்கும். ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை குச்சிகள் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே உறுமல் கேட்டாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். செல்ஃபி அப்புறம்.

நேரக் கணக்கு ஒன்று சொல்கிறேன். மலையேறுபவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் பாதையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 3 மணி நேரம் வரும். இது பழகிய காலுக்கு. நம் கூட்டத்துக்கு இரண்டு மடங்கு, 6 மணி என்று வையுங்கள். காலை 7-க்குத் தொடங்கினால் மதியம் 1 மணி. அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும், சப்பாத்து வழுக்கும். 7 மணிக்கெல்லாம் காட்டுக்குள் இருட்டிவிடும். வேகமாக நடப்பவரை முன்னால் விடாதீர்கள். மெதுவாக நடப்பவர்தான் கூட்டத்தின் வேகம். கடைசி ஆளாக அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் வரட்டும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு, மழைச்சட்டை, விசில். நாசி லெமாக் பொட்டலம் போதும். மலை மேல் சமையல் வேண்டாம்.

இந்த மலை நமக்கு வெறும் உடற்பயிற்சி இல்லை என்பதும் உண்மை. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு ஜெராய்தான் அடையாளம். 1025-ல் ராஜேந்திர சோழன் படை எட்டிய கடாரம் இந்த வட்டாரம்தான் என்பார்கள். உச்சியிலும் பழைய இடிபாடுகள் உண்டு. அவை எதற்காகக் கட்டப்பட்டவை என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. அதனால் “அது சிவன் கோயில்தான்” என்று அடித்துப் பேச வேண்டாம். கோயிலின் அடித்தளத்தைக் கண்ணால் பார்க்க, இறங்கியபின் மெர்போக் தொல்பொருள் காட்சியகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் பார்க்கலாம்.

தேவாரம் பாடுவது, கற்பூரம் ஏற்றுவது எல்லாம் அடிவாரத்துக்கு வரும் முன்பே, நம் கோயிலில் முடியட்டும். காட்டுக்குள் சூலம் நடுவதோ, பாறையில் திருநீறு பூசுவதோ, விளக்கேற்றுவதோ கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பெயர் கொடுப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அடையாள அட்டை நகலோடு வாருங்கள். ஆஸ்துமா, இழுப்பு, இருதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். அடிவாரத்தில் இருந்து சமையலையும் வண்டியையும் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.