மருத்துவப் பணியாளரின் மனச்சுமை

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1 அன்று. ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பிடம்தான். இங்கே பரவினால் மும்பை தாங்காது என்று எல்லோரும் அஞ்சினார்கள். ஜூலை மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டார். அந்தப் பெருமையை நாம் மேடைகளில் நிறையவே பேசியாயிற்று. அதற்காக உழைத்தவர்களின் மனம் பட்ட பாடு பற்றிப் பேசியது குறைவு. நம் குடும்பங்களிலும் நர்ஸ்கள், வார்டு பாய்கள், துப்புரவுப் பணியாளர்கள் உண்டு. ஆகவே இதை அறிந்துகொள்வது நல்லது.

தாராவியின் தனியார் டாக்டர்கள் கவச உடை அணிந்து சந்து சந்தாகக் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். மாநகராட்சியின் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கோடை வெயிலில் அந்த உடைக்குள் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பிடம் போக முடியாது. உடல் அலுப்பு ஒரு தூக்கத்தில் தீரும். பத்துக்குப் பத்து அறைக்குத் திரும்பி, குழந்தையையும் வயதான மாமியாரையும் எங்கே ஒதுக்கி வைப்பது என்ற பயம் தூங்கினாலும் தீராது.

இன்னொரு சுமையும் உண்டு. ஒரு படுக்கை காலியாக இருக்கும், ஐந்து பேர் காத்திருப்பார்கள். உறவினர் அருகில் இல்லாமலே நோயாளி கண்ணை மூடுவார். சரியென்று தான் கற்றதைச் செய்ய முடியாமல் போகும்போது மனத்தில் விழும் இந்தக் காயத்தை முதலில் எழுதி விளக்கியவர் ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் அவர் அதைக் கண்டார்.

இதற்கு மேல் ஊராரின் ஒதுக்கல். சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்தார். உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. உடன் பணியாற்றிய டாக்டர் பிரதீப் குமார் தாமே மண்வெட்டி எடுத்து அவரை அடக்கம் செய்தார். மூன்றாம் நாள் மத்திய அரசு, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. திருத்தப்பட்டது 1897ஆம் ஆண்டுச் சட்டம். அதுவே நம் பம்பாயில் 1896இல் கண்ட பிளேகை ஒட்டி வந்ததுதான்!

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் 1974இல் எழுதியவர் ஃபிராய்டன்பெர்கர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி நெருக்கடியின் விளைவு என்றது. அடையாளங்கள் மூன்று: சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையின் மேல் வெறுப்பு, தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரயில்வேயில் நாங்கள் தண்டவாளத்தை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்போம். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்பதை அதன்மேல் ஓடிய பாரத்தின் கணக்கைப் பார்த்து முடிவு செய்வார்கள். மருத்துவமனைகளில் ஓய்வும் இப்படி, பார்த்த டியூட்டியின் கணக்கில் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நர்ஸ் தானாக வந்து “முடியவில்லை” என்று சொல்லும்வரை காத்திருப்பது சரியான பராமரிப்பு ஆகாது.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். தெய்வம் என்றும் சொன்னோம். தெய்வத்துக்கு லீவு கேட்க வாய் வருமா?

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. டியூட்டி முடித்து வந்தவரிடம் வந்ததும் வராததுமாக “இன்று எத்தனை பேர் போனார்கள்?” என்று கேட்காதிருக்கலாம். அவர் பேசத் தொடங்கினால் அறிவுரை சொல்லாமல் கேட்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இயங்குகிறது. எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நைட் டியூட்டி முடிந்து ஒற்றை அறை வீட்டுக்கு வரும் பெண்ணுக்குப் பகலில் தூங்க இடமிராது. அக்கம்பக்கத்தில் பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு உள்ளவர்கள் நாலு மணி நேரம் சாவியைக் கொடுத்தால் போதும்.