முந்தின இரவின் சமையல்

என் மகளுக்கு 13 வயது நடந்துகொண்டிருந்தபோது, பள்ளியின் மாடிப்படி ஏறுவதற்குள் அவள் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறாள் என்பதை அவளுடைய ஆசிரியை சொல்லித்தான் நான் அறிந்தேன். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நாள்தோறும் ரயிலில் போய்வரும் உத்தியோகம் எனக்கு. இரத்தப் பரிசோதனையில், 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பசியோடு படுத்ததில்லை. ஆயினும், வயிறு நிறைந்துவிட்டால் தாயின் கடமையும் நிறைந்துவிட்டது என்று நான் கொண்டிருந்த எண்ணம் எத்தனை பிழையானது என்பதை அந்தச் சிறு தாள் எனக்கு உணர்த்திற்று.

அன்றிரவு உறக்கம் வராமல், அந்த வாரம் முழுவதும் நாங்கள் உண்டதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ரவை உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல், கடையில் வாங்கிய மாவில் தோசை, மறுபடியும் உப்புமா. கீரை என்ற சொல் அந்தப் பட்டியலில் ஓரிடத்திலும் இல்லை. சமைப்பதற்கு நான் சோம்பியதில்லை, பிரயாணக் களைப்போடு ஏழரை மணிக்கு அடுப்பின் முன் நின்று, "இன்றைக்கு என்ன செய்வது?" என்று யோசிக்கத் தொடங்கும் அந்த வேளையில்தான், எது சுலபமோ அதையே கை தேடிப் போயிருக்கிறது. ஆகையால் நான் மாற்ற வேண்டியது சமையலையன்று, யோசிக்கும் நேரத்தை என்று தெளிந்தேன்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. வாரத்தின் 21 வேளைக்கும் விதவிதமாகப் பட்டியல் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமை ரயில் தாமதமானதும் பட்டியல் முழுவதும் நிலைகுலைந்தது. இப்போது ஐந்து நாட்களுக்கு மட்டுமே, அதுவும் இரவு உணவையும் மறுநாள் கட்டுச்சாதத்தையும் மட்டுமே, தினசரிக் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் குறிக்கிறேன். எஞ்சிய இரண்டு நாட்களைப் பச்சைப்பயற்றுக் கஞ்சிக்கும் தேங்காய்த் துவையலுக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். தாமதமாகும் நாளில் அந்தக் கஞ்சியே எங்களைக் காத்திருக்கிறது.

மற்றதை எனக்குக் கற்பித்தவர் என் மாமியார். காலையில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு நான் தவிப்பதைக் கண்டு, "ஏம்மா காலையிலே உக்காந்து ஆயறே? ராத்திரியே துணியிலே சுத்தி வச்சுடு, தானா உதிர்ந்துடும்" என்றார். கொத்தை அப்படியே பழைய வேட்டித்துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டு, விடிந்ததும் முறத்தின் மேல் பிரித்து உதறினேன். இலைகளெல்லாம் பச்சையாய் முறத்தில் குவிய, என் கையில் வெறுங்காம்புகள் மிஞ்சின. அரை மணி நேர வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கொண்டைக்கடலை ஊறுவதும், பயறு முளைவிடுவதும், மாவு புளிப்பதும் நாம் உறங்கும் வேளையில்தானே நிகழ்கின்றன! நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் ஞாயிறன்று அரைத்துவிட்டால் முதலிரண்டு நாள் இட்லி, பின்பு தோசை. புளிப்பு ஏறியதும் கேழ்வரகு மாவைக் கலந்து அடை போல் வார்த்துவிடுகிறேன். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்க, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்று படித்தபின், வளரும் குழந்தைகளுக்கு அதை வாரம் இருமுறையேனும் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

குன்னூரில் 1918இல் சிறு ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்கும் ஸ்தாபனம், தட்டில் பாதி காய்கனிகளாக இருக்கட்டும் என்கிறது. எங்கள் தட்டில் முக்கால் பாகம் சோறாயிருந்தது. ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் பையோடு போகும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த விகிதம் மெல்ல மாறத் தொடங்கிற்று. ஒருவர் தோளில் மட்டும் சுமத்தப்பட்ட ஆரோக்கியம் எந்தக் குடும்பத்திலும் நெடுநாள் நிலைக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டவை இரண்டு: கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும், சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் அது குறைந்துவிடும். பலகாரத்துக்குப் பின் உடனே காப்பி என்ற எங்கள் வீட்டு வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். காய்களை நறுக்கியபின் கழுவாமல், கழுவியபின் நறுக்குகிறோம்.

ஆறு மாதங்களுக்குப் பின் மகளின் ஹீமோகுளோபின் 11.8 ஆயிற்று. மருத்துவர் கொடுத்த மாத்திரையின் பங்கு அதில் எவ்வளவு, கீரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவள் இப்போது மாடிப்படியில் நிற்பதில்லை என்பது மட்டும் தெரியும். உத்தியோகத்துக்கு ஓடும் சகோதரிகளே, சகோதரர்களே, இன்றிரவு விளக்கை அணைக்குமுன் இரண்டு பிடி பயறையாவது ஊறவைத்துவிட்டுப் படுங்கள்.