பிள்ளைக்கு சைக்கிள் இருக்கு, பாதை இருக்கா?



பதினொன்றாம் வகுப்பில் உங்கள் மகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. பொட்டு வைத்து, பூச்சுற்றி மகிழ்ந்தீர்கள். இன்றோ அது பூட்டியபடி வாசலில் நிற்கிறது. "மெயின் ரோட்டுல லாரி வர்ற வேகத்துக்கு, வயசுப் பிள்ளையை எப்படிங்க அனுப்புறது?" என்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானதே. 2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்தில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமும் அதுவே.

அதற்காக சைக்கிளை மூலையில் போடலாமா? கூடாது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது உடலுழைப்பு தேவை. வேலைக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம் சைக்கிள் மிதித்தால் ஐந்தே நாளில் அது கிடைத்துவிடும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு வரும் வாய்ப்பு குறையும். பெட்ரோல் செலவும் மிச்சம்.

தனிப் பாதை ஏன்?

வாகனத்தின் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சைக்கிளில் போகிறவருக்கு இரும்புக் கூண்டு கிடையாது. அவர் உடம்புதான் அடியைத் தாங்க வேண்டும். "பார்த்துப் போம்மா" என்று சொல்வது மட்டும் போதாது.

நெதர்லாந்தைப் பாருங்கள். 1971-இல் அங்கே சாலை விபத்தில் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 1970-களில் ஹேக், தில்பர்க் நகரங்களில் முன்மாதிரிப் பாதைகள் வந்தன. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் துண்டு துண்டான பாதைகளை ஊர் முழுக்க இணைத்தது. இன்று அந்நாட்டில் நான்கில் ஒரு பயணத்துக்கு மேல் சைக்கிளில்தான்.

நல்ல பாதை எப்படி இருக்கும்?

1. வெறும் கோடு போதாது. வாகனம் ஏறாதபடி நடுவில் திட்டு வேண்டும்.
2. வீட்டிலிருந்து பள்ளி, சந்தை, பஸ் நிலையம் வரை அறுபடாமல் போக வேண்டும்.
3. ஆட்டோவும் காரும் அதில் நிற்கக் கூடாது.
4. குழியும் மூடியில்லாச் சாக்கடையும் இருக்கக் கூடாது. இரவில் விளக்கு வேண்டும்.

"இருக்கிற ரோடே பத்தலையே, இதுக்கு எங்கே இடம்?" என்பீர்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் சுமார் பத்து சைக்கிள் நிற்கும். நாலு பேர் சைக்கிளுக்கு மாறினால் நாலு வண்டி ரோட்டில் குறையும். நெரிசல் உங்களுக்கும் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியது

சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்வோர்க்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. ஏட்டில் உள்ளது தெருவுக்கு வர, நாம் கேட்க வேண்டும். பத்துப் பெற்றோர் சேர்ந்து, பள்ளிக்குப் போகும் வழியில் ஆபத்தான இடங்களைக் குறித்து, உங்கள் வார்டு உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள்.

பாதை வரும்வரை பிள்ளைக்கு வார் மாட்டிய தலைக்கவசம் போடுங்கள். பிரேக், மணி, பின்புறச் சிவப்பு விளக்கு சரியா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். சந்து வழி இருந்தால், சுற்றானாலும் அதில் அனுப்புங்கள்.

சைக்கிள் கொடுத்தோம், பாதையும் கொடுப்போம்!
போன பிள்ளை பத்திரமாய் வீடு திரும்பட்டும்!